புகைவீட்டுக்குப் பின்னால் ஒரு கூடாரம்

அந்த வருடம் எனக்கு எதைத் தொட்டாலும் அலுப்பாக இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று ஆட்களைப் பெயர் கூப்பிட வேண்டும்; அலுப்பு. ரப்பர்ப் பால் நிறுக்கும்போது துரை என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவார். அது அதைவிட அலுப்பு. மானிப்பாயை விட்டு வந்து, கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒன்பது வருடமாக நான் கணக்கெழுதும் கிராணி. பேர் சாமுவேல் சிவானந்தம். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் என்னைச் சிடுமூஞ்சிக் கிராணி என்பார்கள். அது பொய் இல்லை.

மாசி மாதம் என் மகள் எஸ்தர் காய்ச்சலில் போனாள். பதினொரு மாதக் குழந்தை. அவள் கிடந்த ஐந்து நாளும் நான் கர்த்தரோடு பேரம் பேசினேன்: பிள்ளையைத் தாரும், இந்தத் தோட்டத்தில் உமக்கு ஒரு ஜெபவீடு கட்டித் தருகிறேன். அவர் பிள்ளையைத் தரவில்லை. ஆனாலும் வாக்கு வாக்குத்தானே. கட்டாமல் விட்டால், இவன் கட்டமாட்டான் என்று தெரிந்துதான் எடுத்துக்கொண்டார் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

என் மனைவி இரத்தினம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "கேட்டதைத் தராதவருக்கு என்னத்துக்கு வீடு?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலை நடந்த பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

துரை, ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் விட்டார். ஆட்களைக் கூட்டி வைத்து, எனக்குத் தெரிந்த மேடைத் தமிழில் பேசினேன். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டினார்கள், பலகையும் துணியும் மனதார அவரவரே கொண்டுவந்து கொடுத்தார்கள், அதுபோல நாமும் ஓர் ஆசரிப்புக் கூடாரம் கட்டுவோம் என்றேன். வேதக்காரக் குடும்பங்கள் எங்கள் தோட்டத்தில் மூன்றுதான். மற்றவர்களுக்கு மாரியம்மனும் முனியாண்டியும் இருந்தார்கள். எல்லாரும் கலைந்து போனார்கள். சரி, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நாற்பது பேர் வந்து நின்றார்கள்.

ஆறு நாள் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிக் களைத்தவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சின்னத்தாய் தன் கோழிக்கூட்டுக் கூரையிலிருந்து மூன்று தகரத்தைப் பிரித்துத் தலையில் சுமந்து வந்தாள். ஒருவன் கூரைக்கு அத்தாப்பு ஓலை முடைந்து தந்தான். எல்லாரையும்விட அதிகம் உழைத்தவன் சன்னாசி. அவனும் பால்மரம் வெட்டுகிறவன்தான். தச்சுவேலை தெரியும் என்பதால் லயத்தில் அவனுக்கு ஆசாரி என்று பேர். அவனும் அவன் மனைவி லெட்சுமியும் லயத்தில் ஒரே அறையை இன்னொரு குடும்பத்தோடு, நடுவில் சாக்கைத் தொங்கவிட்டுப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். லெட்சுமிக்கு அப்போது ஏழாம் மாதம்.

சன்னாசி ஆணி அடிக்கும்போது என்னைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுவான். "எல்லாம் ஐயா புண்ணியம்" என்பான். மூலையில் நான் சொல்லாமலே இடுப்பளவு மண்மேடை ஒன்று போட்டான். நற்கருணைப் பாத்திரம் வைக்க என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிப் போயிற்று. இந்தப் பட்டிக்காட்டு மனுஷனுக்குள் இத்தனை பக்தியா என்று வீட்டில் வந்து இரத்தினம்மாவிடம் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழு ஞாயிறு ஓடியது. எட்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிள்ளானிலிருந்து பாதிரியார் வந்து பிரதிஷ்டை செய்வதாக ஏற்பாடு.

அதற்கு முந்திய சனிக்கிழமை, துரை வீட்டுக் கடிகாரத்தைப் பழுது பார்க்க வந்திருந்த மெயர் என்பவன் என் ஆபீஸ் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தான். கொச்சி யூதன், என்னைவிடப் பத்து வயது இளையவன். பினாங்கில் தமிழரோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவான். சனிக்கிழமை தன் ஓய்வுநாள், திருப்புளியைத் தொடமாட்டேன் என்று துரையிடமே சொல்லிவிட்டானாம். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஆனாலும் அவனுடைய முன்னோர் கட்டிய கூடாரம் அல்லவா, பெருமையாக என் கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமையிலா கட்டினீங்க?" என்றான்.

"வேற நாள் ஏது?"

"எங்க வேதத்துல அந்தக் கூடாரத்துக்கு ஆணி, கொக்கி, திரை எல்லாம் விவரமா சொல்லிட்டு, கடைசியில ஒண்ணு வரும். ஏழாம் நாள் மட்டும் இந்த வேலையையும் நிறுத்துங்கன்னு. ஆண்டவன் வீடா இருந்தாலும் ஆளுக்கு ஓய்வு முதல்லன்னு எங்க வேதகுரு ரப்பி சொல்லுவாரு."

"அவங்களாத்தான் மனம்வந்து வந்தவங்க" என்றேன், சூடாக.

"நல்லது. மனசு உள்ளவங்கிட்ட மட்டும்தான் வாங்கச் சொல்லியிருக்கு. என்ன மனசோட குடுக்கிறீங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கிராணி எதற்குக் கேட்க வேண்டும்?

"இன்னொண்ணு" என்றான் அவன், கொட்டாவி விட்டுக்கொண்டே. "எனக்கு ஒரு கூடாரம் போடுங்க, நான் அதுல வந்து இருக்கேன்னு அவர் சொல்லல. நான் உங்க நடுவுல இருக்கேன்னுதான் சொன்னாரு. நாங்க அதைச் சின்னப்பிள்ளையில இருந்து படிக்கிறோம்."

வாய் சும்மா இருக்காத பயல் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை இரத்தினம்மாவும் என்னோடு வந்தாள். பாதிரியார் முன்னால் மரியாதை கெடக் கூடாது என்பதற்காக மட்டும். தூரத்திலேயே வாசலில் மாவிலை தெரிந்தது. பாதிரியாருக்கு என்று நினைத்து மகிழ்ந்தேன். உள்ளே போனால் சன்னாசி போட்ட மண்மேடைமேல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லெட்சுமி புதுச்சேலையில் நின்றாள். ஒரு பக்கம் பாய், தலையணை, டிரங்குப் பெட்டி. சுற்றிலும் என் நாற்பது பேர்.

"ஐயா வர்ற நேரம் பால் பொங்கிருச்சு" என்றாள் சின்னத்தாய்.

"இஞ்ச என்ன செய்யிறியள்?"

"பால் காச்சுறோங்கய்யா. ஆசாரி இன்னைக்குக் குடி வராரு."

"இது ஆண்டவருக்குக் கட்டின வீடு" என்று கத்தினேன். "ஆசரிப்புக் கூடாரம் எண்டு நான் சொல்லேல்லையோ?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சின்னத்தாய்தான் மெதுவாகச் சொன்னாள். "அதேதான்யா சொன்னீங்க. ஆசாரிக் கூடாரம்னு. இஸ்ரவேலருன்னா யாரோ மேல் டிவிசன் ஆளுங்க, அவங்க ஆசாரிக்கு அவங்க கட்டிக் குடுத்தாங்க போலன்னு நெனச்சோம். நம்ம பாப்பாவுக்கு அன்னைக்கு ராவோட ராவா பெட்டி செஞ்சு குடுத்தாரில்ல, அதுக்கு ஐயா செய்யிறாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். ஐயாவே நெனைக்கிறப்ப நாங்க சும்மா இருக்க முடியுமா?"

இதை நான் இதுவரை சொல்லவில்லை. சொல்ல வெட்கம். என் பிள்ளையின் சவப்பெட்டியைச் செய்தவன் சன்னாசி. யாரும் கேட்காமல் செய்துகொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்கு எதுவும் ஓடவில்லை; அதற்குப் பிறகு ஓடியும் நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தால் அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவனிடமே ஏழு ஞாயிறு வேலை வாங்கினேன்.

சன்னாசி கோபப்படவில்லை. அவன் முகத்தில் களைப்பு மட்டும் தெரிந்தது. குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்கினான். "தப்பா வெளங்கிக்கிட்டோம் ஐயா, மன்னிச்சுக்குங்க" என்றான். லெட்சுமி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். பத்து மணிக்கு இன்னும் அரைமணி இருந்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலே போதும், எல்லாம் காலியாகி என் வாக்கு நிறைவேறியிருக்கும்.

"வை, சன்னாசி" என்றேன். "பாயை வை. ஆசாரிக் கூடாரம் எண்டுதான் நான் சொன்னது."

அவன் நம்பாமல் பார்த்தான். சின்னத்தாய் என்னை நம்பினாளோ இல்லையோ, உடனே விறகைத் திரும்ப உள்ளே தள்ளினாள். இரத்தினம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முதல் தடவையாக உள்ளே வந்தாள். "எனக்கும் ஒரு வாய் பால் தா பிள்ளை" என்று லெட்சுமியிடம் கையை நீட்டினாள். பாதிரியாரிடம் என்ன சொல்வது என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

சன்னாசியின் பக்கத்தில் போய் நின்றேன். "அந்தப் பெட்டிக்கு நான் உனக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அவன் சுருட்டிய பாயைக் கையில் வைத்தபடியே தலையைக் குனிந்தான்.

"பாப்பா உசரம் தெரியாம கொஞ்சம் பெருசா செஞ்சிட்டேன் ஐயா" என்றான். "உள்ளார ஆடியிருக்குமோன்னு இன்னும் மனசு கெடந்து அடிச்சுக்குது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.