கூடுதலாக நான்கு வயது

டாக்டர் நாகாமினே, தைரா சோஷினின் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போனது மூன்று குப்பி ரத்தம்தான். திரும்பி வரும்போது கொண்டுவந்த சந்தோஷத்தை ஏற்ற ஒரு லாரி போதாது.

செருப்பை வாசலில் மூலைக்கொன்றாக உதறிவிட்டு, குட்டை மேசை முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கணினியைத் திறந்தாள். ஒகினாவாவின் கிழங்களையெல்லாம் நான்கு வருஷமாகத் துரத்தித் துரத்தி ஊசி குத்துகிற பெண். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"தாத்தா, பதிவேட்டுப்படி உங்களுக்குத் தொண்ணூத்தாறு முடிஞ்சிருக்கு. ஆனா உங்க ரத்தம் எண்பத்தெட்டுன்னு சொல்லுது."

"ரத்தம் எதுக்கு வாயைத் திறக்குது?" என்றார் சோஷின்.

"வயசாக ஆக மரபணு மேல சின்னச் சின்னக் குறியா ஒட்டும். சில இடத்துல உதிரும். அதை எண்ணினா உடம்போட வயசு தெரியும். சுவத்துல படிஞ்ச உப்பைப் பார்த்து இந்த வீடு எத்தனை புயல் பார்த்திருக்கும்னு சொல்றோமே, அந்த மாதிரி." திரையைத் திருப்பினாள். "எங்க ஆராய்ச்சியில இருநூத்தி நாப்பது பேர். எல்லாப் புள்ளியும் கூட்டமா நிக்குது பாருங்க. இதோ, தனியா நிக்கறது நீங்க. உங்க ஒரு ஆளாலதான் இந்தக் கோடே வளையுது."

மனைவி மகாத்தோ மல்லிகைத் தேநீரை முதலில் அவர் முன்னால் வைத்தாள். எழுபத்திரண்டு வருஷமாக முதல் கோப்பை அவருக்குத்தான். "அவங்க எப்பவுமே தனி. என்னைவிடப் பெரியவங்க, பாருங்க, எனக்கே தள்ளாடுது, அவங்களுக்கு இல்ல."

"இவர் சாப்பிடற மாதிரியே மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற முதியோர் இல்லத்துல கொடுத்துப் பார்க்கப்போறோம் பாட்டி. ஞாபகம் போயிட்டிருக்கிறவங்களுக்கு. ஒரு வருஷம். திங்கட்கிழமை காலையில கணக்கைப் பூட்டிடுவோம். அப்புறம் ஒரு எண்ணைக்கூட மாத்த முடியாது."

அவர் சாப்பிடுவது என்ன என்பது ஊர்த்தலைவர் குஷிகென் அச்சடித்த துண்டுத்தாளில் இருந்தது: பாகற்காய், கடற்பாசி, சிரித்த முகம். உண்மையில் சோஷின் அமெரிக்க முகாமில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாகத் தின்றது டப்பாப் பன்றிக்கறியும் பொரித்த முட்டையும். அவர் காலி செய்த டப்பாக்களை அடுக்கியிருந்தால் சீனாவுக்கு நடந்தே போய் வரலாம்.

ஆனால் அவரைத் தின்றுகொண்டிருந்தது கறி இல்லை.

போரில் ஊர் எரிந்தபோது குடும்பப் பதிவேடுகளும் எரிந்தன. பெற்றவர்களும் போனார்கள். பிறகு புதுப் பதிவேடு எழுதினார்கள். யார் என்ன சொன்னாரோ அதுதான் வயது. முகாமில் லாரிக்கு ஆள் எடுக்கிறார்கள், பதினெட்டு ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். சோஷினுக்குப் பதினான்கு. உயரமோ மின்கம்பத்துக்குத் தம்பி. "பதினெட்டு" என்றார். எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். அந்த மையின் மேல்தான் சோஷின் இதுநாள்வரை நின்றுகொண்டிருந்தார்.

மையோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷம் கழித்து மகாத்தோவைப் பெண் கேட்கப் போனார். அவளுக்கு இருபத்திரண்டு. "என்னைவிட ஒருநாள் சின்னவனா இருந்தாலும் வேண்டாம்," என்றாள் அவள். "எங்க அக்கா சின்னவனைக் கட்டிட்டு இன்னிக்கும் அவனுக்கு மூக்கு துடைச்சு விடறா." இருபது வயது சோஷின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு இருபத்திநாலு," என்றார்.

அதிலிருந்து எல்லாம் பெரியவர் சொன்னபடி. வெந்நீர்த் தொட்டியில் முதலில் அவர் இறங்குவார். அவர் முக்கி எழுந்த நீரில் அவள். புயல் திசை மாறிவிடும், கூரையைக் கட்ட வேண்டாம் என்று ஒரு வருஷம் பெரியவர் சொன்னார், கட்டவில்லை, கூரை பக்கத்துத் தீவில் போய் இறங்கி அங்கே இன்னொருவருக்குப் பயன்பட்டது. அப்போதும் மகாத்தோ, "அவங்க வயசுக்கு எல்லாம் யோசிச்சுதான் சொல்லியிருப்பாங்க," என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கஜிமாயா. பிறந்த அன்றே ஒன்று என்று தொடங்கும் பழைய கணக்கில் தொண்ணூற்றேழு வந்தவரை, மறுபடி குழந்தையானார் என்று கையில் காற்றாடி கொடுத்து, திறந்த காரில் ஏழு சந்தி சுற்றி அழைத்துப் போகிற விழா. பேரப்பிள்ளைகள் பிரேசிலிலிருந்து விமானம் ஏறியாகிவிட்டது. குஷிகென் நானூறு காற்றாடி செய்து ஊர் மன்றத்தை நிரப்பிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் கட்டடமே பறந்துவிடும்போல இருந்தது.

அதையெல்லாம் சோஷின் விழுங்கிவிடுவார். விழுங்க முடியாதது அந்தப் புள்ளி. தன் பொய்யை நம்பி, ஞாபகம் நழுவுகிற கிழவிகளுக்கு ஒரு வருஷம் பாகற்காயை ஊட்டப் போகிறார்கள்.

டாக்டரைக் காரில் ஏற்றிவிடுகிற சாக்கில் கடல்சுவர் வரை வந்து சொல்லிவிட்டார்.

அவள் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை வருஷம்?"

"நாலே நாலு."

"அப்ப என் எட்டு, நாலாயிடுச்சே தாத்தா."

"நாலும் நல்ல எண்தானே. மன்னிச்சுக்கோ."

"மன்னிப்பைக் கணக்குல ஏத்த முடியாது." கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "நீங்க வாயால சொன்னதை வெச்சு உங்களை எடுத்துட்டா, எனக்குப் பிடிக்காத புள்ளியையெல்லாம் எடுத்தேன்னு ஊர் சிரிக்கும். விலகறேன்னு எழுதி, காரணத்தைப் போட்டுக் குடுங்க. தொண்ணூறு தாண்டினவங்கன்னா, கூட இருக்கிறவங்களும் காரணத்தைப் படிச்சுக் கையெழுத்துப் போடணும்."

"கூட இருக்கிறவங்கன்னா?"

"சேரும்போது பாட்டிதானே போட்டாங்க. இதையும் அவங்கதான் போடணும்."

"ஊர்த்தலைவர் போட்டா ஆகாதா? பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட என்னை நல்லாத் தெரியும்."

"பாட்டிதான், தாத்தா. திங்கட்கிழமைக்குள்ள."

சோஷின் அந்தத் தாளை விழாத் தாள்களுக்கு நடுவில் சொருகி, அரிசியில் கல்லை ஒளிக்கிறவனின் நிம்மதியோடு மனைவி முன்னால் வைத்தார். "கார்க்காரனுக்கு ஒண்ணு, மேளக்காரனுக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் ஒரு கையெழுத்துப் போடு."

மகாத்தோ மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளையே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவள். கார்க்காரன் தாளைப் படித்தாள். மேளக்காரன் தாளைப் படித்தாள். மூன்றாவது தாளில் கண்ணாடி நின்றது. பின்னுக்குப் போனது. மறுபடி முன்னுக்கு வந்தது.

"பதிவேட்டில் உள்ளதைவிட என் உண்மையான வயது நான்கு குறைவு," என்று சத்தமாகப் படித்தாள். பிறகு விரல் மடக்கினாள். பத்து விரலையும் ஏழெட்டு முறை மடக்கி விரித்த பிறகு நிமிர்ந்தாள்.

"பொண்ணு கேக்க வந்தப்ப உங்களுக்கு இருபதா?"

"இருபதே முக்கால்."

"மீசை?"

"கொஞ்சம் கரி தடவியிருந்தேன்."

அவள் கத்தவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெந்நீரில் ஒரு மணி நேரம் கிடந்தாள். தொட்டியில் மிச்சம் இருந்தது இவருக்குக் கணுக்கால் வரைக்கும்தான் வந்தது. மேசையில் அவர் இடத்தில் போய் உட்கார்ந்தாள். தேநீரை முதலில் தனக்கு ஊற்றிக்கொண்டாள்.

"சூடா இருக்குடா தம்பி. ஊதிக் குடி."

"கையெழுத்து..."

"என் கையாலேயே எழுதிக் குடுக்கணுமா, எழுபத்திரண்டு வருஷம் நான் ஏமாந்தேன்னு? பல்கலைக்கழகத்துல அதை அலமாரியில வெச்சுப் பூட்டணுமா?" தாளை நாலாக மடித்துக் கிமோனோ இடுப்புப் பட்டையில் சொருகினாள். "யோசிக்கிறேன். அதுவரைக்கும் வெளியில நீ தொண்ணூத்தேழு. ஒரு நாள் குறையக் கூடாது. தம்பியைக் கட்டிக்கிட்டவன்னு எவளும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்கக் கூடாது."

மூன்று நாள் சோஷின் இரண்டு வயதுகளுக்கு இடையில் நசுங்கினார். வாசலுக்கு வெளியே அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். வாசலுக்கு உள்ளே, "எட்டி அந்த மேல் தட்டுச் சட்டியை எடு, இளவட்டம்தானே," என்று ஏவல் வந்தது. குஷிகெனிடம் விழாவை நிறுத்தலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார். "தொண்ணூத்தேழுல எல்லாருக்கும் வர்ற வெக்கம்தான், தாத்தா," என்று அவர் காற்றாடி எண்ணிக்கையை ஐந்நூறாக்கினார்.

ஞாயிறு காலை சிவப்புக் கார் வந்தது. சிவப்பு உடுப்பு, சிவப்புத் தொப்பி, கையில் சோற்றுத்தட்டு அளவுக்குக் காற்றாடி. பின்னிருக்கையில் அவர், பக்கத்தில் மகாத்தோ, பட்டையில் தாளோடு. ஒலிபெருக்கியோடு முன்னிருக்கையில் குஷிகென். கதவைச் சாத்தி, தாத்தா தவறி விழுந்துவிடக் கூடாது என்று வெளியிலிருந்து ஒரு கயிற்றால் கட்டியும்விட்டார்கள்.

"ரத்தத்துக்கு எண்பத்தெட்டே வயசுன்னு விஞ்ஞானமே சொல்லியிருக்கு," என்று ஒலிபெருக்கி கடல்வரை கேட்க முழங்கியது. "வாங்க, கையைத் தொட்டு ஆயுசை வாங்கிக்கோங்க."

வந்தார்கள். முதல் சந்தியில் நூறு கை, இரண்டாவதில் ஆயிரம். கைக்குழந்தையின் கையை எடுத்து அவர் கையில் வைத்தார்கள். நோயாளியின் தலையணை உறையைக்கூட ஒருத்தி கொண்டுவந்து தேய்த்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு கைக்கும் சோஷின் உள்ளுக்குள் நான்கு வருஷம் கடன்பட்டார்.

மூன்றாவது சந்தியில் முதியோர் இல்லத்துச் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்னால் டாக்டர் நாகாமினே. அவள் கண் சோஷினைப் பார்க்கவில்லை. மகாத்தோவின் இடுப்புப் பட்டையைத்தான் பார்த்தது.

முதல் நாற்காலியில் தோயோ. காலையில் தின்றது மத்தியானம் நினைவிருக்காது. மகளையே நர்ஸ் என்று கூப்பிடுகிறவள். பணிப்பெண் அவள் கையைத் தூக்கி சோஷின் கையில் வைத்தாள். "பாட்டி, தாத்தாகிட்ட ஆயுசு வாங்கிக்கோங்க."

தோயோ அவர் முகத்தைப் பார்த்தாள். தொப்பியை ஒதுக்கச் சொல்லி மறுபடி பார்த்தாள். "இவன்கிட்டயா? இவன் தைரா வீட்டுச் சோஷின். போருக்கு முந்தி நான் ஆறாவது, இவன் மூணாவது. கிழங்கைத் திருடிட்டு என் பாவாடைக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சுப்பான்."

கூட்டம் இளகிச் சிரித்தது. "பாவம், பாட்டிக்கு எல்லாம் குழம்புது," என்றார் குஷிகென். "உங்களுக்கு அடுத்த வருஷம்தான் கஜிமாயா, பாட்டி. தாத்தா உங்களைவிட ஒரு வருஷம் மூத்தவர்."

"யாருக்குடா குழம்புது?" தோயோ சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவள் பக்கம் இல்லை. சோஷினைப் பற்றிச் சொன்னதுதான் எத்தனையோ வருஷத்தில் அவள் நிச்சயமாகச் சொன்ன முதல் வாக்கியம்.

சோஷின் காற்றாடியை மடியில் போட்டார். "அவ சொல்றதுதான் சரி. எனக்கு அந்த வயசு இல்ல. நாலு குறைச்சல். பதிவேட்டுல பொய் சொன்னேன்."

அவ்வளவுதான், சந்தியே கைதட்டலில் குலுங்கியது. "பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று குஷிகென் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தொண்ணூத்தேழுல குழந்தையாயிடுவாங்கன்னு நம்ம முன்னோர் சும்மாவா சொன்னாங்க? தாத்தா வயசைக் குறைச்சுக்கிட்டு வர்றார். மேளம் அடிங்கப்பா."

மேளம் அடித்தது. அவர் மறுபடி சொன்னார். மேளம் பலமாக அடித்தது.

தோயோ கையை இழுத்துக்கொண்டு மடியைப் பார்த்தாள். பணிப்பெண் அவள் முதுகைத் தடவி, "பரவாயில்ல பாட்டி, மறந்துபோறது சகஜம்தான்," என்றாள்.

அதைத்தான் மகாத்தோவால் தாங்க முடியவில்லை. நகரத் தொடங்கிய காரில் எழுந்து நின்றாள். சாரதி பதறி நிறுத்தினான். குஷிகெனின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள்.

"தோயோவுக்கு ஒண்ணும் குழம்பல. இவர் என்னைவிட ரெண்டு வயசு சின்னவர். கரி தடவிட்டு வந்து என்னைக் கட்டினார். நான்தான் மூத்தவ."

சிரிப்பு மலையில் மோதித் திரும்பி வந்தது. எவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள் என்று அவள் பயந்தாளோ அவர்கள் எல்லோரும் வாயைப் பொத்தாமலே சிரித்தார்கள்.

மகாத்தோ உட்கார்ந்தாள். "நீ சொன்ன பொய்யை எழுபத்திரண்டு வருஷம் நம்பினாங்க. நான் ஒரே ஒருதடவை உண்மையைச் சொன்னா நம்பாம சிரிக்கிறாங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு டாக்டரைப் பார்த்துக் கை நீட்டினாள். "பேனா இருக்கா?"

தாளைப் பிரித்து, சோஷினின் முதுகைக் குனிய வைத்து, அதன் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவு அழுத்திப் போட்டாள்; எழுத்து ஒவ்வொன்றும் அவர் தோலில் தெரிந்தது.

டாக்டர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கினாள். தன் காரை நோக்கி அல்ல, தோயோவை நோக்கிப் போனாள். நாற்காலி முன்னால் தரையில் உட்கார்ந்து, "உங்க மூணாவது வகுப்பு வாத்தியார் பேர் என்ன, பாட்டி?" என்று கேட்டாள். தோயோ அந்தப் பெயரைச் சொன்னாள். அடுத்த பெயரையும் சொன்னாள்.

புள்ளி போய்விட்டது. சோஷினுக்கு நெஞ்சில் ஒரு பக்கம் காலியானது. அந்த வழியாகக் கீழே இறங்கி ஓடிவிடலாம்போல இருந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தார். கயிறு.

"குஷிகென், நான் இறங்கறேன்."

"நூறுக்கும் இதே காரைச் சொல்லிவெச்சிருக்கேன், தாத்தா," என்றார் குஷிகென். கார் நகர்ந்தது. இரண்டு பக்கமும் கைகள் நீண்டன.

இன்னும் நான்கு சந்தி இருந்தது.