தணிகாசலம் வீட்டு மழை

எங்கள் ஊரில் யார் வீட்டின் மேல் அடுத்தவர் கண் படுகிறதோ, அந்த வீட்டில்தான் மழை பெய்யும். மற்ற வீடுகளில் வெயில் அடிக்கும். நகராட்சிக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் வீட்டு வரி போடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுத் தணிகாசலத்துக்குத் தினமும் மழை. அப்படி என்ன இருக்கிறது அவரிடம் என்று கேட்டுவிடாதீர்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடி மேல் மாடி. வாசலில் கார். மகள் டாக்டருக்குப் படிக்கிறாள். போதாததற்கு அந்த மனிதருக்கு இந்த வயதிலும் தலை நிறைய முடி. சாயங்காலம் ஆனால் மேகம் வந்து அவர் மொட்டை மாடிக்கு மேல் நாய்க்குட்டி மாதிரி படுத்துக்கொள்ளும். என் மாடியில் வடகம் காயும்.

நாங்கள் குடிவந்த புதிதில் என் மாமனார் நல்லெண்ணத்தில் வாசலில் திருஷ்டிப் பூசணியும் கோரைப்பல் பூதமுகமும் கட்டிவிட்டுப் போனார். அவர் வெளியூர்க்காரர், பாவம், தெரியாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டின் மேல் ஒரு கண் பட்டதில்லை. கழற்றிப் போட்டுப் பார்த்தோம். பட்டுப்புடவைகளை மாடிக் கொடியில் விரித்துப் பார்த்தோம். ம்ஹூம். "ஒரு தூறலாவது நம்ம மாடியில விழாதாங்க?" என்று என் மனைவி தமயந்தி வானத்தைப் பார்த்துக் கேட்பாள். என் ஆசையும் அவ்வளவுதான். ஒரே ஒரு மழை, எங்களுக்கென்று, சொந்தமாக.

வந்தது மழை அல்ல, அவர் வீட்டு மழைத்தண்ணீர். தணிகாசலம் தன் மாடிக் குழாயை என் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். சுவர் ஊறி, உப்பி, ஹாலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கல்யாண ஆல்பத்தில் என் முகம் கரைந்துபோயிற்று. தமயந்தி முகம் அப்படியே இருந்தது. மழை அவருக்கு, எச்சில் எனக்கா? போட்டேன் கேஸ்.

கோர்ட்டிலிருந்து இடத்தைப் பார்வையிட ஒரு கமிஷனர் வந்தார். தணிகாசலம் வீட்டு மழையைக் குப்பியில் பிடித்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு என் நெற்றி வியர்வையை விரலால் வழித்து அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே உப்பு," என்றார்.

"தெருவுல மத்தவங்க பங்கு எவ்வளவு சார்?" என்று என் வக்கீல் கேட்டார்.

"வாசனைக்குக்கூட இல்ல. மொத்தமும் இவருதுதான்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நீதிபதி அம்மா நிதானமாகத் தீர்ப்பு வாசித்தார். வாதி தன் வீட்டைத் தன் மழையாலேயே நனைத்துக்கொண்டிருக்கிறார், ஆகவே வழக்கு தள்ளுபடி. மேலும், பிரதிவாதி இந்த மழையை நம்பித் தென்னை வைத்து, கிணறு வெட்டி, வெகுகாலமாக அனுபவித்து வருவதால் அதில் அவருக்குப் பாத்தியதை உண்டாகிவிட்டது. வாதி பொறாமையை நிறுத்தக் கூடாது. தினமும் சாயங்காலம் தன் மாடியில் நின்று பிரதிவாதியின் வீட்டைப் பார்க்க வேண்டும்.

"அப்பீல் போலாமா?" என்று கேட்டேன்.

"போகலாம். ஆனா உங்க மூஞ்சியப் பார்த்தா அங்கயும் இதையேதான் சொல்வாங்க," என்றார் வக்கீல்.

அன்று முதல் சாயங்காலமானால் மாடியில் நின்றேன். ஆனால் கடமை என்று ஆகிவிட்டால் எந்த வேலையில்தான் மனசு ஒட்டும்? காரைப் பார்த்தேன், கார் மாதிரிதான் இருந்தது. மழை தூறலானது. தூறலும் நின்று நின்று வந்தது. தணிகாசலம் மதில் ஓரம் வந்து நின்றார்.

"என்ன சார், நேத்து வாசல் தெளிச்ச மாதிரிதான் இருந்துச்சு. தென்னை வாடுது. கொஞ்சம் மனசு வெச்சுப் பாருங்க."

"பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

அவர் தலைமுடியை மெதுவாகக் கோதிக் காட்டினார். கொஞ்சம் பெய்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் தமயந்தி, தணிகாசலம் மனைவியிடம் வாங்கிய இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். நான் மாடியில் கோர்ட் வேலையாக நின்றிருந்தேன். மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் மாடிக்கு மேல் மேகம்! தெருவில் எட்டிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. தணிகாசலம் வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி தமயந்திதான் எங்கள் வீட்டைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற?" என்று கத்தினேன்.

"அந்த வீட்டத்தான். சின்னதா, அடக்கமா, மாடியில வடகம் காயுது. அதுல இருக்கிறவ கொடுத்துவெச்சவ!"

கொட்டத் தொடங்கியது. வடகமெல்லாம் கரைந்து ஓடியது. நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். எங்கள் மழை!

"கீழ இறங்கி வா, தமயந்தி! நம்ம மழை!"

"வந்தா நின்னுடுமே."

அவள் சொன்னதும் சரிதான். உள்ளே இருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. தணிகாசலம் அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி காபி கொண்டு வந்தாள். ஏதோ சொல்லி மூன்று பேரும் சிரித்தார்கள். தமயந்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது.

அந்த மாடியில் மழை அடித்துப் பெய்தது.

"அப்படித்தான் சார்!" என்று தணிகாசலம் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

இப்போது இரண்டு வீட்டிலும் நல்ல மழை. தமயந்தி அங்கேயே தங்கிவிட்டாள். சாயங்காலம் அவள் இந்த வீட்டைப் பார்ப்பாள், நான் அந்த வீட்டைப் பார்ப்பேன். நடுவில் இருக்கும் மதில் சுவர் மட்டும் நனைவதில்லை. அவள் அந்தப் பக்கம் நின்று அதன் மேல் வடகம் பிழிகிறாள், நான் இந்தப் பக்கம் நின்று காக்காய் விரட்டுகிறேன்.