பன்னிரண்டாம் எண் பஸ் போகும் காடு

மதிலுக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் பக்கத்து நகரத்தின் சொத்து. தன் தெருக்களில் நட மரக்கன்று வளர்ப்பதற்காக அந்த நகரம் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே நிலம் வாங்கிப் போட்டது. கன்று வைத்ததோடு சரி, எடுத்துப்போக ஒருவரும் வரவில்லை. இப்போது அது உபரி நிலம், எழுநூறு வீடு கட்டலாம் என்று அங்கிருந்து கடிதம் வந்ததும் ஊர் இரண்டுபட்டது.

ஊரிலிருந்த பஸ் டிரைவருக்கு வீடுதான் வேண்டும். அண்ணன் வீட்டில் இரண்டே அறை, ஒன்பது பேர். பெண்கள் உள்ளே, ஆண்கள் நடையில். கல்யாணமாகிப் பதினாறு மாதத்தில் அவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொண்டது பெரும்பாலும் பஸ் நிறுத்தத்தில். போன மாதம் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். “வீடு கிடைச்சதும் கூப்பிடுங்க” என்றாள். கோபமில்லாமல் சொன்னதுதான் உறைத்தது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வீட்டுக்காகப் பேச அண்ணி அவனைத்தான் பிடித்து நிறுத்தியிருந்தாள். “நீ பேசவே வேணாம் தம்பி, மூஞ்சியைக் காட்டினாலே போதும்.”

அன்று காலை எல்லோரும் நிலத்தைப் பார்க்கட்டும் என்று மதில் கதவைத் திறந்தார்கள். பூட்டு துருப்பிடித்திருந்ததால் அறுக்க வேண்டியிருந்தது. உள்ளே போன கூட்டம் பத்தடியில் பேச்சை நிறுத்தியது.

நெருக்கி நட்ட கன்றுகள் பக்கவாட்டில் கிளைவிட இடமில்லாமல் மேலேயே போயிருந்தன. தூண் தூணாக, நூல் பிடித்த வரிசையில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கழுத்து வலிக்க அண்ணாந்தும் நுனி தெரியவில்லை.

முதல் மரத்தில் ஒரு தகரத் தகடு. பாதியைப் பட்டை விழுங்கியிருந்தது. ‘பணிமனைச் சாலை, இடப்புறம், 1.’ அடுத்த மரம் 2. அதற்கடுத்து 3. அடுத்த வரிசை, ஆஸ்பத்திரி வளைவு.

டிரைவருக்கு அது தெரிந்த வரிசை. ஆறு வருஷமாக அந்த நகரத்தில் பன்னிரண்டாம் எண் பஸ் ஓட்டுகிறவன் அவன். அடுத்தது பழைய பாலமாக இருக்க வேண்டும். இருந்தது. பிறகு மணிக்கூண்டு. பிறகு சந்தைமுனை. நிஜச் சந்தைமுனையில் பொட்டு நிழல் கிடையாது. விளக்குக் கம்பத்தின் நிழலில் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். இங்கே அதற்கு உரிய பதினொரு மரங்களும் நின்றன. அவன் நடந்தான். நிறுத்தம் வந்தபோதெல்லாம் வலது கால் தானாக அழுந்தியது.

“எங்க தம்பி போற?” அண்ணி பின்னாலிருந்து கேட்டாள்.

“ரூட்டுல போறேன் அண்ணி.”

“வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?”

எங்கே வெயில்? தலைக்கு மேல் வானமே இல்லை.

மத்தியானம் பள்ளிக்கூட ஹாலில் அவன் முறை வந்தது. “எனக்கு வீடு வேணும்” என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். அதற்குமேல் மனப்பாடம் செய்தது எதுவும் நாக்கில் வரவில்லை. பார்த்ததைச் சொன்னான்.

பக்கத்து நகரத்திலிருந்து வந்திருந்த அதிகாரி நிமிர்ந்தார். “எங்க தெரு வரிசையிலயே இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?”

கண்ணை மூடிக்கொண்டு இருபத்து மூன்று நிறுத்தங்களையும் சொன்னான். யாரோ பின்னாலிருந்து “டிக்கெட் குடுப்பா” என்றார்கள். சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது.

“என் ஆபீஸ் சந்தைமுனையிலதான்” என்றார் அதிகாரி மெதுவாக. “அங்கயுமா?”

“பதினொண்ணு சார். இடப்பக்கம் மட்டும்.”

அவர் பேனாவை மூடினார். “எங்க தெருவுக்குன்னு எழுதி வச்ச மரம் நிக்கிற இடத்தை உபரின்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட? ஒவ்வொரு மரமாப் பதியணும். ஒரு வருஷமாவது ஆகும்.”

வாசலில் அண்ணி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “உன்னை வீடு கேக்கச் சொன்னேன். வழி சொல்லச் சொல்லல.”

அப்போதுதான் என்ன செய்தோம் என்பது அவனுக்கு முழுதாக விளங்கியது. மனைவிக்குப் போன் செய்தான்.

“இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம்.”

“யார் தடுத்தா?”

“நான்தான்.”

அவன் பணிமனைச் சாலையிலிருந்து தொடங்கி, நுனி தெரியாத மரங்களை வரிசை வரிசையாகச் சொன்னான். கடைசி நிறுத்தம்வரை அவள் குறுக்கிடவில்லை.

“அவ்வளவு உசரமா?”

“ஆமா.”

“ஞாயித்துக்கிழமை வரேன். முதல்ல அதைக் காட்டுங்க. அப்புறம் சண்டை போடுறேன்.”