எஞ்சினியர் கபாசோவின் மூன்றாவது போர்டு

கபாசோ பேரைக் கேட்டாலே செலிபாவுக்கு வாய் கோணும். தலைநகர் லுசாக்காவில் மூன்று வாரப் பயிற்சிக்குப் போனவன், திரும்பி வரும்போது பெயருக்கு முன்னால் 'எஞ்சினியர்' என்று ஒட்டிக்கொண்டு வந்தான். கிட்வே சந்தையில் பதினான்கு வருஷமாகப் போனையும் ரேடியோவையும் பிரித்து மேயும் செலிபாவை எல்லோரும் வெறும் செலிபா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஊருக்கு வெளியே பெண்கள் கூட்டாக நடத்தும் கோழிப்பண்ணையில், தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்கும்படி செய்துதர கபாசோ ஒப்புக்கொண்டிருந்தான். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோல் போர்டுகள் இரண்டு கருகிவிட்டன. அக்டோபர்தான் அங்கே கோடையின் உச்சம்; தண்ணீரில்லாமல் கோழிகள் வாயைப் பிளந்து நின்றன. பண்ணைத் தலைவி பனா கபுங்கோ, அதாவது பிள்ளை பெயரால் 'கபுங்கோவின் அம்மா', செலிபாவுக்கு ஆள் அனுப்பினாள்.

"வந்துட்டா பாரு, எலி தின்னி!" என்றான் கபாசோ. அவன் பெம்பா இனம், அவள் ங்கோனி இனம். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று எவ்வளவு வேண்டுமானாலும் வாரலாம்; கோபப்படுவதுதான் தப்பு.

"குரங்கு தின்னிக்கு ஒயர் மாட்டத் தெரியலையாம், அதான் வந்தேன். போர்டு எப்படிப் போச்சு?"

"இடி. உனக்குச் சொன்னா புரியாது."

"மழையே இன்னும் வரல. இடி உன் தலைக்கு மட்டும் தனியா வந்துச்சாக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். செலிபா தண்ணீர்மட்டம் பார்க்கும் சென்சாரைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அஞ்சு வோல்ட்டைக் குடிச்சிட்டு அஞ்சு வோல்ட்டையே திருப்பித் துப்பும். உன் போர்டோட பின்னு மூணு புள்ளி மூணுதான் தாங்கும். நேரா மாட்டி வச்சிருக்கியே, மூணு வாரமும் அங்க தூங்கினியா?"

"அப்ப என்ன செய்யணுங்கிற?"

"ரெண்டு ரெசிஸ்டர். ஆயிரம் ஓம் சென்சார் பக்கம், ரெண்டாயிரம் ஓம் கிரவுண்டு பக்கம். நடுவுலேருந்து பின்னுக்கு எடு. அவ்வளவுதான்."

பையிலிருந்து இரண்டையும் எடுத்து நீட்டினாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, மூன்றாவது போர்டில் அவனே பற்றவைத்தான். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் செலிபா. இரண்டு ரெசிஸ்டரையும் இடம் மாற்றி வைத்திருந்தான். போர்டு கருகாது, ஆனால் ஒன்றரை வோல்ட் சொச்சம்தான் பின்னுக்குப் போய்ச் சேரும். சென்சார் சொல்வது போர்டின் காதில் விழாது. தொட்டி காலி என்றே நினைத்து மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குத் தொட்டி நிறைந்து வழியட்டும், எல்லோர் முன்னாலும் இவனுடைய பளபளப்பு பூட்ஸ் நனையட்டும் என்று இருந்துவிட்டாள். வீட்டுக்குப் போய் சோளமாவுக் களியான ன்ஷீமாவை ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டாள்.

மறுநாள் பண்ணைப் பெண்கள் எல்லோரும் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பும் வரை தண்ணீர் வழிந்திருக்கிறது. தொட்டிக்குக் கீழேதான் குஞ்சுக் கொட்டகை. ஒரு வாரக் குஞ்சுகள் அறுபதுக்கு மேல் நனைந்த மரத்தூளில் செத்து ஒட்டிக் கிடந்தன.

செலிபா வந்தபோது கபாசோ கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, "சென்சார் மட்டமான சரக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கென்று நேற்றே யோசித்து வைத்திருந்த கிண்டலை விட்டுவிட்டு, செலிபா குஞ்சுகளைப் பார்த்தாள்.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு. ரெசிஸ்டரை மாத்தி வச்சிருக்கான். நேத்தே பார்த்தேன்," என்றாள்.

பனா கபுங்கோ கையில் குஞ்சுகள் கிடந்த பேசினோடு நிமிர்ந்தாள். "பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"சிரிக்கலாம்னு இருந்தேன்."

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? அதனாலதானே உன்னைக் கூப்பிட்டோம்."

பத்து நிமிஷத்தில் செலிபா இரண்டையும் இடம் மாற்றினாள். தண்ணீர் நிறைவுக் கோட்டைத் தொட்டதும் மோட்டார் நின்றது.

கபாசோ பக்கத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டான்: "ஆயிரம் ஓம் எந்தப் பக்கம்னு சொன்ன?"

"சென்சார் பக்கம்."

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, ஈர மரத்தூளை அள்ளக் கொட்டகைக்குள் போனாள்.