விளக்கு எரியாதவரை

1

இந்தக் கதை என் ஜன்னலிலிருந்து வந்தது. எதிரே மின்கம்பம். ஒருநாள் லைன்மேன் ஒருவர் ஏறுவதற்கு முன் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். இறங்கி வந்த பிறகுதான் பதில் சொன்னார்.

"இது என் பையில இருக்கறவரைக்கும் எந்த மகராசனும் கரண்ட் விட முடியாது சார்."

ஏழு கடல் தாண்டி, ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கன் நினைவுக்கு வந்தான். இவர் அவனைவிடக் கெட்டிக்காரர். உயிரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்.

நடந்தது இவ்வளவுதான். இனி எல்லாம் நான் கட்டுவது.

2

முதல் தொடக்கம்: 'மின்வாரியத்தைக் கம்பெனிக்கு விற்ற அன்று ஊரே இருண்டு—'

பொய். விற்ற பிறகுதான் ஊர் வெளிச்சமாயிற்று.

இரண்டாவது: 'பேராசை பிடித்த கம்பெனி—'

இது கட்டுரை. கட்டுரைக்குள் யாரும் கம்பம் ஏறமாட்டார்கள்.

மூன்றாவது: அவள் தையல்காரி. கணவர் லைன்மேன். வீட்டின் முன்னறைதான் கடை. கரண்ட் அரசாங்கத்தின் கையில் இருந்தபோது அவளுடைய தையல் மோட்டார் பாதி நாள் தூங்கும். மனு கொடுத்தால் மனு மட்டும் மேசை மேசையாக நடக்கும், ஆள் வரமாட்டார். கம்பெனி வந்தபின் மோட்டார் நிற்பதே அபூர்வம். அவளுக்குக் கம்பெனியைப் பிடித்திருந்தது. அதை நான் மாற்றப்போவதில்லை.

(பழைய வாரியத்தில் லைன்மேன்கள் சாகவில்லை என்று சொல்லவில்லை. செத்தார்கள். ஆனால் அங்கே பலரைக் காப்பாற்றியது சோம்பல். கரண்ட்டைத் திருப்பி விடவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் டீ குடிக்கப் போயிருப்பார்.)

3

லைன்மேனின் மச்சானைப் பற்றித்தான் சந்தேகம். தையல்காரியின் அண்ணன், கம்பெனியில் மேற்பார்வையாளர். வில்லனாக்கிப் பார்த்தேன், ஆகமாட்டேன் என்கிறார். மதியச் சாப்பாடு தங்கை வீட்டில். தட்டையும் அவரே கழுவி வைக்கிறார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கம்பெனி ஃபியூஸ் பெட்டிகளை மாற்றியது. புதியவை சீல் வைத்தவை. பிடுங்கிக்கொள்ள அவற்றில் எதுவும் இல்லை. எங்கோ ஒரு நகரத்து அறையில் யாரோ ஒருவர் பொத்தானைத் தட்டுகிறார். லைன்மேனின் போனுக்குச் செய்தி வரும்: 'லைன் அணைக்கப்பட்டது. வேலையைத் தொடங்கலாம்.'

முதல்முறை அந்தச் செய்தியோடு கம்பத்தடியில் நின்றவர் ஏறவில்லை. வெறும் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், பையில முட்டையா வச்சிருக்கீங்க? அடைகாக்கறீங்க?" பக்கத்தில் நின்ற தையல்காரியின் அண்ணன் கேட்டார்.

"அந்தப் பொத்தானைத் தட்டறவன் யாருன்னே எனக்குத் தெரியாதே."

"அவனுக்கும் உங்களைத் தெரியாது. சரிக்குச் சரியாப் போச்சு, ஏறுங்க."

ஏறினார். வீட்டில் இதைச் சொன்னபோது தையல்காரி சிரிக்கவில்லை. அவர் வேலை பார்க்கும் கம்பியிலிருந்துதான் அவர்கள் தெருவுக்கும் கரண்ட் வருகிறது. அதனால் அவர் ஏறும்போதெல்லாம் கடை விளக்கின் சுவிட்சைப் போட்டுவிட்டு, எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று அவள் முடிவுசெய்தாள். எரியாதவரை அவர் இருக்கிறார்.

இதிலுள்ள ஓட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளக்கு எரிந்த பிறகு கூப்பிட நேரம் இருக்காது. அவளுக்கும் தெரியும். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

4

ஒரு பகல். காற்றில் கம்பி அறுந்து தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. லைன்மேன் ஊருக்கு வெளியே, வெட்டவெளியில், கம்பத்தின் மேல். தைத்த துணி வாங்க வந்த டீச்சர் போனைக் காதில் வைத்தபடி விசிறிக்கொண்டிருக்கிறார்.

"கம்பெனிக்காரன் பரவாயில்லம்மா. ஒரு தெருவுலேர்ந்து பத்துப் பேர் புகார் பண்ணா, பக்கத்து லைன்லேர்ந்து மிஷினே தானா கரண்ட்டைத் திருப்பி விட்டுடுது. எல்லாரையும் பண்ணச் சொல்லிட்டுத்தான் வர்றேன்."

தையல்காரி விளக்கிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பக்கத்து லைன்லேர்ந்தா?"

(விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: தவறி வரும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் சங்கிலியைக் கம்பியில் கட்டவில்லையா? கட்டினார். இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். வண்டியில் ஒன்றுதான் இருந்தது. கரண்ட் வரும் பக்கத்தில் கட்டினார். மறுபக்கத்திலிருந்து இதுவரை வந்ததில்லை.)

கணவருக்குப் போட்டாள். போன் கீழே வண்டியில் அடித்து ஓய்ந்தது. அண்ணனுக்குப் போட்டாள். அவர் தலைமை அலுவலகத்தில் இருந்தார். விஷயம் புரிந்ததும் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். செலவைக் குறைக்க, புகாருக்கும் அந்த அறைக்கும் ஒரே எண் ஆக்கியிருந்தார்கள்.

"லைன்ல நிக்கறேன்மா," என்றார். அந்தக் குரலை அவள் அண்ணனிடம் கேட்டதில்லை. "புகார் பண்றவங்களுக்குப் பின்னால நிக்கறேன்."

5

முடிவு ஒன்று. விளக்கு எரிகிறது. எழுதிப் பார்த்தேன். ஒருவர் போன வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. பக்கங்கள் சுலபமாக வந்தன. கிழித்தேன்.

முடிவு இரண்டு. நாடே கொதிக்கிறது. விசாரணை, தீர்ப்பு, கம்பெனி வெளியேற்றம். 'மக்கள் சொத்து மீண்டும் மக்களிட—'

அதெல்லாம் நடக்க ஆண்டுகள் ஆகும். அவர் இப்போது மேலே இருக்கிறார்.

முடிவு மூன்று. எதுவும் நடக்கவில்லை. வேலை முடிந்து இறங்குகிறார், சாப்பிடுகிறார். நடக்கக்கூடியதுதான். எழுத உட்கார்ந்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

6

அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அண்டை வீட்டில் சொன்னாள்: கொஞ்ச நேரம் யாரும் புகார் பண்ணாதீங்க, அவர் கம்பத்துல இருக்கார். அந்த வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஏற்கெனவே பண்ணியாயிற்று. அடுத்த வீட்டுக்காரர், கம்பெனி அதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே போனைக் கீழே வைத்தார். ஒரு வீடு பூட்டியிருந்தது. ஒரு வீட்டில் டீச்சர் சொன்னதால் மூன்று பேரும் தனித்தனியாகப் பண்ணியிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. யாராலும் செய்ததைத் திரும்பப் பெற முடியவில்லை. அதற்கு எண் இல்லை.

தெருவில் கடைசி வீடு உங்களுடையது.

மின்விசிறி நின்று நெடுநேரமாகிவிட்டது. சட்டை முதுகில் ஒட்டுகிறது. டீச்சர் சொன்ன எண்ணைப் போட்டுவிட்டீர்கள். புகாரைப் பதிவு செய்ய ஒன்றாம் எண்ணை அழுத்தச் சொல்கிறது ஒரு குரல். நீங்கள் எத்தனையாவது ஆள் என்று எனக்குத் தெரியாது.

கதவை யாரோ தட்டுகிறார்கள். இரண்டு கையாலும்.