ஓரடி பின்னால்

குறுவாள் விழாவுக்கு முந்தின நாள் காலை, ஒத்திகைக்கு வரிசை நின்றபோது, அக்கா ஒர்னெல்லா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நெட்டைப் பையன் நின்றிருந்தான். சவேரியோ கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தான். நெட்டையன் அப்படியே இருந்தான்.

அந்த ராணுவ அகாடமியில் முதல் வருடத்தானை மனிதனாகக் கணக்கில் சேர்ப்பதே இடுப்பில் குறுவாள் ஏறிய பிறகுதான். அதைத் தளபதி கொடுப்பதில்லை, மந்திரி வந்தாலும் கொடுப்பதில்லை. இரண்டாம் வருடத்தார்தான் தங்கள் கையால் கொடுக்க வேண்டும். சுவரை ஒட்டியே ஓடு, மூலையில் வெட்டித் திரும்பு, கேட்டால் மட்டும் வாயைத் திற என்று அதுவரை வறுத்தெடுத்தவர்களே எதிரே வந்து நின்று நீட்டுவார்கள். மேல் வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்களையே எதிரே நிறுத்துவது வழக்கம். சேர்ந்த நாளிலிருந்து சவேரியோ லோருஸ்ஸோ பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். உள்ளதைச் சொன்னால், அவன் இந்த மூடுபனி ஊருக்கு வந்ததே அக்காவைப் பார்த்துத்தான். போன வருடம் அவள் சீருடையோடு சொந்த ஊரான அல்த்தமூராவில் வந்து இறங்கியபோது பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அப்பாவுக்கும் பிடித்தது. ரொட்டிக்கடைச் சுவரில் அவள் படத்தை மாட்டி, ரொட்டி வாங்க வந்தவர்களை எல்லாம் பார்க்க வைத்துத்தான் சில்லறை கொடுத்தார்.

"சார், இது எங்க அக்கா நிக்கற இடம்" என்றான் சவேரியோ. கேட்காமல் பேசியது குற்றம். அது வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது.

நெட்டையனின் பெயர் ஜிலார்டி. வழக்கமாக இருந்தால் மைதானத்தைச் சுற்ற விட்டிருப்பான். இப்போது அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உனக்கு யாரும் சொல்லலையா?"

"எதை சார்?"

"அவ விலகிட்டா. நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு. இப்பப் பார்வையாளர் அறையில உக்காந்திருக்கா. ஏய், விழுந்துடாதே, கேப்டன் பார்க்கறார்."

விழவில்லை. ஒத்திகை முடியும்வரை நின்றான், திரும்பினான், கையை நீட்டினான், மடக்கினான். உடம்பு பழகியதைச் செய்தது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை. ஒர்னெல்லாவா? வகுப்பில் முதல், ஓட்டத்தில் முதல், துப்பாக்கி சுடுவதில் ஆண்களை எல்லாம் அழ வைத்தவள், அவளா? ஒத்திகை கலைந்ததும் கேப்டனே அவனைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷம், போய்ப் பார்த்துட்டு வா" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. அதில்தான் அவனுக்கு விஷயம் நிஜம் என்று விளங்கியது.

அவள் ஜீன்ஸ் போட்டிருந்தாள். காலடியில் ஒரு பெட்டி. கூந்தலை அவிழ்த்து விட்டிருந்தாள். வீட்டில் அப்பாவோடு மாவு பிசையும் பெண்ணாக இருந்தாள்.

"யார் என்ன பண்ணினாங்க?" என்றான் சவேரியோ. "பேரைச் சொல்லு."

"யாரும் ஒண்ணும் பண்ணலடா. உக்காரு."

"அப்ப ஏன்?"

"பிடிக்கல."

"பிடிக்கலையா? எல்லாத்துலயும் முதல்ல வர்றியே!"

"முதல்ல வந்தா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா? எனக்குப் பல்லு தேய்க்கக்கூட நல்லாத்தான் வரும்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "தினம் காலையில எழுந்ததும் இன்னிக்கும் இங்கதானான்னு இருக்கும். சரியாயிடும், சரியாயிடும்னு இழுத்தேன். ஆகல. நாளைக்கு உன் கையில குறுவாளைக் கொடுத்துட்டு, நாளன்னிக்கு நான் கிளம்பினா அது பித்தலாட்டம். அதான் முன்னாடியே."

சவேரியோவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "என்னை உள்ள இழுத்து விட்டுட்டு நீ வெளிய போறியா? உனக்காகத்தானே நான் இங்க வந்தேன்? உன்னைப் பார்த்துத்தானே இத்தனை அடி, இத்தனை வசவு எல்லாம்? நீ இல்லாம எனக்கு இங்க என்ன வேலை?"

"நான் உன்னை வான்னு கூப்பிடலையே."

"வராதேன்னு சொன்னியா?"

ஜன்னலுக்கு வெளியே முதல் வருடத்தார் சுவரை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடி அவள், ரொம்பத் தயக்கத்தோடு, "நீயும் வந்துடேன்" என்றாள்.

அங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. குறுவாள் நீட்டப்படும்போது வேண்டாம் என்பவன் ஓரடி பின்னால் வைத்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது, அன்றே வீட்டுக்குப் போகலாம். வாங்கியபின் இத்தனை சுலபம் இல்லை, கேள்வியும் விசாரணையும் மனுவும் என்று ஆளை அரைத்துவிடுவார்கள்; ஒர்னெல்லா அதையெல்லாம் சத்தமில்லாமல் முடித்திருந்தாள். அந்த ஓரடியை யாராவது எடுத்து வைத்துப் பார்த்ததாக இப்போது இருப்பவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

"வைக்கறேன்" என்றான் சவேரியோ. "நீ இல்லாத இடத்துல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவள் முகம் மலர்ந்தது. அத்தனை நாளும் அந்தக் கட்டடத்துக்குள் அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவன் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அப்பாகிட்ட ரெண்டையும் சேர்த்தே சொல்லிடறேன். தனித்தனியா சொன்னா மனுஷன் ரெண்டு தடவை சாவார்."

மறுநாள் காலை அல்த்தமூராவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்பா விதாந்தோனியோ, அம்மா, இரண்டு மாமாக்கள், ஒரு சித்தி, வண்டிச் சக்கரம் போல நாலு பெரிய ரொட்டி. வாசலிலேயே மகள் ஜீன்ஸோடு நின்றாள். வரிசையில் நின்றிருந்த சவேரியோவுக்கு வாசல் வளைவு வழியாக அந்தக் கூட்டம் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. அப்பா ஒரு ரொட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார். ஒர்னெல்லா பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா ரொட்டியை மாமாவிடம் கொடுத்தார். கத்தப் போகிறார் என்று இவன் நினைத்தான். அவரோ மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாக மைதானத்தைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். சரி, வாங்க, ரெண்டு பேரும் வாங்க என்கிற தலையாட்டல். சவேரியோவுக்கு அழுகை முட்டியது.

முரசு அடித்தது. வாத்தியம், உரை, மறுபடி வாத்தியம். பெரிய மனிதர்களுக்கு ஒலிபெருக்கி கிடைத்தால் விடுவார்களா? குளிரில் காது மரத்துப்போன பிறகுதான் ஆணை வந்தது. இரண்டாம் வருடத்தார் எல்லாரும் ஒரே அசைவில் குறுவாளை இரு கையிலும் ஏந்தி நீட்டினார்கள்.

இப்போது. இடது காலைப் பின்னால் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதைத்தான் இரவெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான்.

எதிரே ஜிலார்டியின் நீண்ட முகம் இருந்தது. அது யாரோ ஒருவனின் முகம். எல்லாவற்றிலும் முதலாக வந்த அக்காவின் முகம் அல்ல, ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் அவன் திரும்பித் தேடிய முகம் அல்ல. அந்த முகம் எதிரே இல்லை என்று உணர்ந்ததும் அவனுக்கு மூச்சு தாராளமாக வந்தது. உடம்பு லேசாக இருந்தது. ஐயோ, இதென்ன என்று அவனே திடுக்கிட்டுப் போனான். சொந்த அக்கா போனதில் ஒருவனுக்கு நிம்மதி வருமா? வந்தது. அது மட்டுமா, அந்தக் குறுவாள் அவனுக்கு வேண்டும் போலவும் இருந்தது. காலை ஓட்டம், நாசமாய்ப்போன சுவர், அந்த வசவுகள்கூட வேண்டும் போல இருந்தது.

"பிடிடா, கை வலிக்குது" என்று உதடு அசையாமல் சொன்னான் ஜிலார்டி.

சவேரியோ கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

கலைந்ததும் முற்றம் முழுக்க முத்தமும் கூச்சலும். மற்ற அம்மாக்கள் எல்லாம் குறுவாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். லோருஸ்ஸோ குடும்பம் மட்டும் ஒரு தூண் பக்கத்தில் துக்க வீட்டு விருந்தாளிகள் போல நின்றது. அப்பா மகனின் இடுப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி இடுப்பைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும்னுதானேம்மா சொன்னே?" என்றார்.

ஒர்னெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பி பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வைக்கறேன்னு சொன்னியேடா."

"வைக்கணும்னுதான் நின்னேன். கால் வரல." எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தான். "அப்பா மனசு கஷ்டப்படுமேன்னு..."

"பொய் சொல்லாதே. அப்பாகிட்ட நான் ரெண்டையும் சொல்லியாச்சு, அவரும் முழுங்கியாச்சு. நான் உன் கையைத்தான் பார்த்துட்டிருந்தேன்." அவள் அந்தக் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "போன வருஷம் நான் இதை வாங்கும்போது என் கை வெடவெடன்னு ஆடுச்சு. குளிர்னு எல்லாரும் நினைச்சாங்க. இன்னிக்கு அதைவிடக் குளிரு. உன் கை ஆடவே இல்ல."

"அக்கா, நான் வேணும்னு..."

"தெரியும். விடு."

அவள் அவன் கையை விட்டுவிட்டு அம்மாவிடம் போனாள். பெட்டியை மாமா எடுத்துக்கொண்டார். அப்பா மகனைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டார். ஒரு ரொட்டியை அவன் கையில் திணித்துவிட்டு வேனுக்குப் போய்விட்டார். கதவு சாத்தும்போது ஒர்னெல்லா பக்கத்து இருக்கையில் தம்பிக்கு இடம் பிடித்துப் போட்டிருந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சித்தி அங்கே உட்கார்ந்தாள்.

சவேரியோ ரொட்டியை ஏந்தியபடி வேன் வளைவு தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். நெஞ்சு வலித்தது. அந்த வலியோடு, வெட்கம் கெட்டத்தனமாக, சந்தோஷமாகவும் இருந்தது.