பழைய நேரம்

நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று அரசு சட்டம் போட்டதும், கிழக்குக் கோடியிலுள்ள ஒஸ்கெமன் நகரில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் போயின. செரிக்பாயின் கார் முன்கண்ணாடியில் சாலையைப் படம்பிடிக்கும் வீடியோ ரெக்கார்டர் மட்டும், எத்தனை முறை மாற்றினாலும் பழைய நேரத்துக்கே திரும்பியது. அதன் மென்பொருளைப் புதுப்பிக்க, ஞாயிறு மதியம் கழற்றி வந்து கணினியில் சொருகினார். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அது சார்ஜ் மட்டும் ஏத்துற வயருங்க," என்றாள் மனைவி நாசிபா, தேநீரில் பால் ஊற்றியபடி.

"இன்ஜினியரம்மா சொல்லிட்டாங்க. சரி, நாளைக்கு வேற வயர் வாங்கிட்டு வர்றேன்."

மறுநாள் வயர் வாங்கப் போன வழியில் மாரடைப்பு வந்து இறந்துபோனார்.

நாற்பதாம் நாள் நினைவு விருந்து முடிந்ததும், கொழுந்தன் தௌரென் சரியான வயரோடு கணினி முன் உட்கார்ந்தான். "அப்டேட் போடட்டுமா அண்ணி? அண்ணன் விட்டுட்டுப் போன வேலை."

"வேண்டாம்பா. முப்பது வருஷம் நாங்க வாழ்ந்தது பழைய நேரத்துலதான்."

"ஒரு மணி நேரம் தப்பாக் காட்டுமே?"

"காட்டட்டும். எனக்கென்ன ரயிலா பிடிக்கணும்?"

தௌரென் ரெக்கார்டரைக் காரில் மாட்டிவிட்டுப் போனான். இப்போது நாசிபாதான் ஓட்டுகிறாள். ஊரில் மணி எட்டு என்றால், அதில் ஒன்பது.